சவுரிராயன் கழுவிய ஆட்டு ரத்தம்

சவுரிராயனுக்கு ரத்தம் கழுவத் தெரியும் என்று சொன்னால் திண்டிவனத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள். துணியைக் கழுவலாம், பாத்திரத்தைக் கழுவலாம், பாவத்தைக் கழுவித் தருவதாகச் சொல்கிற இடங்களும் எல்லா மதத்திலும் உண்டு. ஆனால் ரத்தத்தைக் கழுவுகிறவர் அந்த ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரையும் ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'டேய் சவுரி' என்றுதான் கூப்பிட்டார்கள். 1943-இல் அவருக்கு வயது முப்பத்தாறு. மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது.

காணைக்குப் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் நாற்று நட்டார்கள், கரும்பு வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார்கள். அந்த மாதா கோயிலுக்குள் ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் சேரி, அந்தப் பக்கம் ஊர். பத்து வயதில் சவுரிராயன், "மோட்சத்துலயும் கம்பி இருக்குங்களா, சாமி?" என்று குருவைக் கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் முழங்காலில் நின்றார். பதில் வரவில்லை. முழங்கால் வலிதான் வந்தது. அதற்குப் பிறகு, பதில் சொல்லத் தெரியாதவர்களிடம் அவர் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டார். பொருள்களிடம் கேட்கத் தொடங்கினார்.

பதினாறு வயதில் விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பாட்டில் கழுவச் சேர்ந்தார். பாட்டில்களின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகள்தான் அவருக்கு ஆங்கில அரிச்சுவடி. கற்றுக்கொண்ட முதல் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் விஷம். "அதத்தான் மொதல்ல தெரிஞ்சிக்கணும்" என்று மனைவி சூசை மேரியிடம் பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். மூன்று வருஷத்தில் மலேரியாக் கிருமியைக் கண்ணாடித் தகட்டில் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார். அவர் பார்த்துச் சொல்வார், டாக்டர் கையெழுத்துப் போடுவார். பரிசோதனைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் உரிமை அவருக்கு இல்லை.

1939-இல் விழுப்புரத்தில் ரயில் அதிகாரி ஒருவரின் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டையில் வெள்ளைப் படலம், கழுத்தின் இரண்டு பக்கமும் வீக்கம். காச நோய் கழுத்துக் கோளங்களில் இறங்குகிற கண்டமாலையோ என்று வீடே நடுங்கியது. ஆனால் அவசரப்பட்டு யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. பையனின் ரத்தத்தைக் குழாயில் எடுத்து, ஐஸ் வைத்து, சென்னைக்கு அனுப்பினார்கள். சுமந்துகொண்டு போனவர் சவுரிராயன். குழாயைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். அவர் வரவில்லை. சென்னைப் பரிசோதனைச் சாலையின் ஓரத்தில் ஒரு பகல் முழுக்க நின்று பார்த்தார். அங்கிருந்த ஒரு நல்ல மனிதர், "ரொம்ப நேரமா நிக்கறியே, கிட்ட வந்து பார்" என்றார்.

பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இது கண்ணுக்குத் தெரியாத ஏதோ கிருமியால் வருகிற காய்ச்சல். அந்தக் கிருமியை இதுவரை யாரும் பார்த்ததில்லை. டாக்டர்கள் கிளாண்டுலர் ஃபீவர் என்றார்கள். சவுரிராயன் தமக்குப் புரிகிறபடி நெறிகட்டிக் காய்ச்சல் என்று எழுதினார். கிருமியைப் பார்க்க முடியாவிட்டாலும் அது வந்துபோன தடத்தைப் பார்க்கலாம். இந்தக் காய்ச்சல் கண்டவரின் ரத்தத்தெளிவை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரை, கழுவிய ஆட்டு ரத்தத்தோடு சேர்த்தால், ஆட்டின் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். ஏன் ஆடு, அது என்ன உறவு? அது அந்தப் பெரிய டாக்டர்களுக்கும் தெரியவில்லை. தெரியாது என்று அவர்கள் வெட்கப்படாமல் சொன்னதுதான் சவுரிராயனுக்கு மிகவும் பிடித்தது.

ரயில் அதிகாரி மகன் ஆரஞ்சுச் சாறு குடித்து, ஆறு வாரத்தில் எழுந்து ஓடினான்.

நான்கு வருஷம் கழித்து, சவுரிராயன் திண்டிவனத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த பிறகு, அதே வீக்கத்தோடு செண்பகம் வந்தாள்.

பதினேழு வயது. ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருஷம், விடுதியில் தங்கிப் படிக்கிறவள். பனமலைப் பக்கம் ஒரு சேரியிலிருந்து அந்தப் பள்ளிக்குள் கால் வைத்த முதல் பெண். தாய் அம்சா, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் களையெடுத்து அவளை வளர்த்தவள். காய்ச்சல் வந்ததும் விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பொன்னுக்கு வீங்கி என்று நினைத்து, பொன் இல்லாத வீட்டில் பித்தளைச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுப் பார்த்திருந்தாள் அம்சா. சங்கிலி கழுத்தில் பச்சைக் கறையை வைத்தது. வீக்கம் வற்றவில்லை.

கையில் பள்ளித் தலைமையாசிரியை கிருஷ்ணவேணி அம்மாளின் கடிதம் இருந்தது. டாக்டர் விருத்தாசலம் அதைப் படித்துவிட்டு மேஜைமேல் போட்டார்.

"கண்டமாலைன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சர்ட்டிபிகேட் கேக்கறாங்க. காசநோயா இருந்தா பேரை எடுத்துடுவாங்க. எடுத்தா திரும்பச் சேர்த்துக்கறது கிடையாதாம்."

"எத்தினி நாளாம்மா வீக்கம்?" என்று சவுரிராயன் அம்சாவைக் கேட்டார்.

"இன்னியோட பத்து நாளுண்ணா. ஒரே ராவுல வீங்கிச்சு. எச்சி முழுங்க முடியாம அழுவுது."

சவுரிராயன் டாக்டரைப் பார்த்தார். "ஐயா, கண்டமாலை மாசக்கணக்குல மெதுவா வளரும். இப்பிடி ஜல்தியா வீங்காதுங்க."

"நீ எனக்குப் பாடம் எடுக்காதே." டாக்டர் கெட்டவர் அல்லர். சோம்பேறி. பள்ளிக் கமிட்டிக்காரர்களோடு தினமும் சாயங்காலம் டென்னிஸ் ஆடுகிறவர். "தொண்டையிலிருந்து எடுத்ததைப் பார்த்தியே, டிப்தீரியா இருக்கா?"

"இல்லீங்க. ரத்தம் எடுத்து வச்சேன், கொஞ்சம் வந்து பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் டாக்டர் குனிந்தார். வெள்ளணுக்கள் பெரிதாக, ஓரம் மடிந்த அப்பளம்போலப் பக்கத்து அணுக்களின்மேல் சாய்ந்து கிடந்தன.

"நாலு வருசத்துக்கு முந்தி விழுப்புரத்துல ரயில்காரர் புள்ளைக்கு இதே மாதிரி இருந்துச்சுங்க. அன்னிக்கு ரத்தத்த மெட்ராசுக்கு அனுப்பனாங்க."

"இப்ப சண்டைக் காலம். பட்டாளத்துக்காரங்களுக்கே ரயில்ல இடமில்லை. இவ ரத்தத்துக்கு ஐஸ் பெட்டியில இடம் கேக்கறியா?"

"மெட்ராசு வாணாங்க. ஆடு திண்டிவனத்துலயே கீது."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தவரால் மறுக்க முடியவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் உனக்கு டைம். அதுக்குள்ள உன் ஆடு எதுவும் சொல்லலைன்னா நான் கையெழுத்துப் போட்டுடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

அன்று புதன்கிழமை.

சந்தை மேட்டில் பூமாலை ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தாள். விடியற்காலையில் ஓர் ஆடு அறுப்பாள். கறி ஒரு பக்கம், குடல் ஒரு பக்கம், ரத்தம் ஒரு சட்டியில். ரத்தத்துக்குத் தனியாக வாடிக்கைக்காரர்கள் உண்டு. சவுரிராயன் மாலையில் போய்ச் சொன்னார்: நாளைக்குக் காலையில் ஒரு டம்ளர் ஆட்டு ரத்தம் வேண்டும், காய்ச்சலில் கிடக்கிற பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்காக. பூமாலைக்கு மனசு இளகிவிட்டது. "நீ போண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் அவர் பாட்டிலோடு போனபோது, பூமாலை வாழையிலைப் பொட்டலம் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினாள். உள்ளே ரத்தம் தண்ணீரும் உப்பும் பட்டு, கெட்டியாக உறைந்து, கத்தியால் சதுரம் சதுரமாகக் கீறி வைக்கப்பட்டிருந்தது. மேலே சின்ன வெங்காயம் வேறு.

"இன்னாம்மா இது?"

"இன்னா இன்னா? வெங்காயமும் நானே அரிஞ்சி வச்சிட்டேன். மெளகு தட்டிப் போட்டு வதக்கிக் குடுக்கச் சொல்லு. நாலு நாள்ல எழுந்து ஒக்காரும் பொண்ணு."

"எம்மா, இது திங்கறதுக்கு இல்லம்மா. சோதனை பண்றதுக்கு."

"ரத்தத்த வச்சிக்கினு சோதனை பண்ணுவாங்களா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நான் பாட்டுக்கு பொறியலுக்குப் பண்ற மாதிரி பண்ணிட்டேன்." அவள் முகம் வாடியது. "இனிமே நாளைக்குத்தான்ண்ணா அறுப்பேன்."

நாளை என்றால் வெள்ளி. கிருஷ்ணவேணி அம்மாள் காலை எட்டு மணிக்கே வந்துவிடுவார். சவுரிராயன் கடைக்குப் பின்னால் பார்த்தார். நாளைய ஆடு முளைக்குச்சியில் கட்டிக்கிடந்து ஆலந்தழை மென்றுகொண்டிருந்தது.

"அதுகிட்ட கொஞ்சம் எடுத்துக்கறேன்."

"அறுக்காமயா?"

"கழுத்துல ஊசி போட்டு எடுக்கறது. ரெண்டு ஸ்பூன் போதும்."

பூமாலை வழிமறித்து நின்றாள். "உசுரோட கீற ஆட்டுல ரத்தம் உறிவியா? பாவம்ண்ணா அது. வலிக்காது?"

"நாளைக்குக் காலம்பற நீ பண்ணப் போறத விட கொறச்சலாத்தான் வலிக்கும்."

அவள் வழியை விட்டாள். பிறகு தானே போய் ஆட்டின் தலையைத் தொடையில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊசி ஏறியது, இறங்கியது. ஆடு தழையை மெல்வதைக்கூட நிறுத்தவில்லை. பொட்டலத்தையும் அவள் விடவில்லை. "இத நீயாவது வதக்கித் துன்னு" என்று அவர் பைக்குள் திணித்துவிட்டாள்.

ரத்தம் உறையாமலிருக்கப் பாட்டிலில் முன்பே மருந்துத் தண்ணீர் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து, கையால் சுற்றுகிற எந்திரத்தில் குழாய்களைப் பூட்டிச் சுற்றினார். சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேல் நீரை ஊற்றிவிட்டு, அளவாக உப்புப் போட்ட தண்ணீர் விட்டு, மறுபடி சுற்றுவார். மேல் நீர் கிணற்று நீராகத் தெளிகிற வரைக்கும் இப்படியே. இதுதான் ரத்தம் கழுவுவது. உப்பு கூடினால் அணு சுருங்கும், குறைந்தால் உடையும். காய்கறிக்கு உப்புப் பார்க்கிற நாக்கு இதற்கு உதவாது. நிறுவைதான் உதவும்.

செண்பகத்தின் ரத்தத்தெளிவை ஐம்பத்தாறு டிகிரிச் சூட்டில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அதற்கான தொட்டி ஓட்டையாகி ஆறு மாதம் ஆயிற்று. சூசை மேரியின் வெந்நீர்த் தவலை வந்தது, கூடவே சூசை மேரியும் வந்தாள்.

"செல்வி அப்பா, புள்ளைங்க குளிக்கற தவலையில ரத்தம் வைக்கறியா?"

"ரத்தம் குழாயிக்குள்ள இருக்கும். தண்ணி வெளிய இருக்கும். ஒண்ணோட ஒண்ணு சேராது."

"சேராதுன்னு நீ சொல்லுவ. துலக்கறது யாரு?"

"நான்தான்."

"அப்ப சரி." அவள் போகாமல் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, தெர்மாமீட்டரின் சிவப்புக் கோடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொண்டாள். முப்பது நிமிஷமும் அவள் கண் அங்கே இங்கே அசையவில்லை.

எட்டு எட்டாக இரண்டு வரிசைக் குழாய்கள். ஒரு வரிசைக்குச் செண்பகத்தின் ரத்தத்தெளிவு, இன்னொரு வரிசைக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சவுரிராயனுடையது. முதல் குழாயில் எட்டில் ஒரு பங்கு, அடுத்ததில் பதினாறில், அதற்கடுத்து முப்பத்திரண்டில் என்று ஒவ்வொன்றிலும் பாதியாகக் குறைத்துக்கொண்டே போவது. எல்லாவற்றிலும் ஒரே அளவு ஆட்டுச் சிவப்பணு. உடம்புச் சூட்டில் இரண்டு மணி நேரம். எடுத்து ஆட்டிப் பார்த்தார். செண்பகத்தின் ஆறாவது குழாய் வரைக்கும், அதாவது இருநூற்று ஐம்பத்தாறில் ஒரு பங்கு வரைக்கும், சிவப்புக் கட்டிகள் உடையாமல் மிதந்தன. அவருடைய வரிசையில் சும்மா சிவந்த தண்ணீர்.

"நாம ஜெயிச்சிட்டமா?" என்றாள் சூசை மேரி.

"நாளைக்கி அந்தம்மா வரட்டும்."

கிருஷ்ணவேணி அம்மாள் எட்டு மணிக்குக் குடையோடு வந்தார். படித்தவர், ஒழுங்கானவர். தம் பள்ளியில் ஒரு பிள்ளைக்கும் தொற்று வந்துவிடக் கூடாது என்ற பயம் நிஜமாகவே இருந்தவர். ஆனால் அந்தப் பயம் சேரிப் பெண்ணின் கழுத்து வீங்கியபோது மட்டும் ஏன் உடனே தீர்ப்பாகிறது என்று தம்மையே ஒருபோதும் கேட்டுக்கொள்ளாதவர். நம் நாட்டில் அநியாயம் பெரும்பாலும் இப்படித்தான் குளித்து முழுகி, குடை பிடித்துக்கொண்டு வருகிறது.

செண்பகம் சுவரோரம் பெஞ்சில் தாயின் தோளில் சாய்ந்திருந்தாள். தலைமையாசிரியையைக் கண்டதும் எழ முயன்றாள். டாக்டர் உட்காரச் சொன்னார். பிறகு குழாய்களைக் காட்டி, சவுரிராயன் சொன்னதையெல்லாம் தாம் கண்டுபிடித்ததுபோலச் சொன்னார். சவுரிராயன் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

"ஆட்டு ரத்தத்தை வச்சு மனுஷாளுக்கு நோய் சொல்றதா?" என்றார் அம்மாள். "அந்த இன்னொரு வரிசை யாரோடது?"

"என்னுதுங்க" என்றார் சவுரிராயன்.

"உன்னுது கட்டலைன்னா அதுக்கு நூறு காரணம் இருக்கும். நீ தினம் இதுலயே புழங்கறவன். இதை நான் எப்படி நம்பறது?"

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார். அவர் தயங்குவது சவுரிராயனுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு வார்த்தை அம்மாள் அழுத்திச் சொன்னால் 'கண்டமாலையாக இருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்த 'இருக்கலாம்' போதும், பெண் வாழ்நாள் முழுக்க மல்லாட்டை பிடுங்க.

"நீங்க கேக்கறது நியாயம்தாங்க" என்றார் சவுரிராயன். "அப்ப உங்க ரத்தத்துல பாத்துடலாங்களா?"

"என்னுதா?"

"நீங்க நல்லா கீறீங்க, காய்ச்சல் இல்ல. உங்க கண்ணு முன்னாலயே பண்றேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

அம்மாள் அவர் கையைப் பார்த்தார். அந்தக் கை தம் கையைப் பிடிக்க வேண்டுமே என்ற யோசனை முகத்தில் ஓடியது. சவுரிராயன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவருக்கு அன்று தம் மானத்தைவிடச் செண்பகத்தின் படிப்பு பெரிதாக இருந்தது. "டாக்டரய்யாவே எடுப்பாருங்க" என்றார்.

மறுக்க வழியில்லை. கேள்வி கேட்டவர் அவர்தானே? டாக்டர் எடுத்தார். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

தவலை மறுபடி அடுப்பேறியது, சூசை மேரியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்கு மணி நேரம் அம்மாள் அந்த அறையை விட்டு நகரவில்லை. குழாய் மாறிவிடுமோ என்ற சந்தேகம்தான். சவுரிராயனுக்கு அந்தச் சந்தேகம் பிடித்திருந்தது. வேதத்தையும் விபூதியையும் சந்தேகிக்காதவர், ஒரு கண்ணாடிக் குழாயையாவது சந்தேகித்தாரே. நடுவில் அவரே எழுந்து வந்து கேட்கத் தொடங்கினார்.

"ஏன் ஒவ்வொண்ணுலயும் பாதியா குறைக்கறே?"

"எல்லார் ரத்தத்துலயும் கொஞ்சம் இது இருக்கலாங்க. முதல் குழாயில மட்டும் லேசா கட்டும். அது கணக்கில்ல. எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் விடாம கட்டுதான்னுதான் பாக்கணும்."

"காய்ச்சல் போனப்புறமும் கட்டுமா?"

"சில மாசம் கட்டுங்க. அப்புறம் மறைஞ்சிடும்."

உச்சி வேளையில் சவுரிராயன் இரண்டு வரிசைகளையும் ஜன்னலோரம் வைத்தார். செண்பகத்தின் ரத்தத்தையும் புதிதாக எடுத்து, கூடவே சேர்த்து வைத்திருந்தார். "நீங்களே ஆட்டிப் பாருங்க."

அம்மாள் தம்முடைய முதல் குழாயை ஆட்டினார். தூசுபோல லேசாக ஏதோ இருந்தது, அடுத்ததில் அதுவும் இல்லை. செண்பகத்தினுடையதை எடுத்தார். முதல், இரண்டு, மூன்று, நான்கு. கட்டிகள். ஐந்து, ஆறு. கட்டிகள். ஏழாவதில் நின்றது. ஆறாவதை மறுபடி எடுத்து இன்னும் வேகமாக ஆட்டினார். உடையவில்லை.

எல்லார் ரத்தமும் ஒன்றே என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. கேட்க இனிமைதான். சவுரிராயன் அப்படிப் பேசியதில்லை. ரத்தத்துக்கு ரத்தம் வித்தியாசம் உண்டு என்பதை அவர்போலக் கண்டவர் அந்த ஊரில் இல்லை. ஆனால் அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறதென்று ஜாதிக்காரர்கள் தேடினார்களோ, அங்கே அது இல்லை. இரண்டு வாரக் காய்ச்சலில் இருந்தது. சில மாதம் போய்த் தை பிறந்தால் அதுவும் போய்விடும்.

"அப்ப இது கண்டமாலை இல்லை" என்றார் அம்மாள், கேள்வியாக இல்லாமல்.

"இல்லை" என்றார் டாக்டர். அவருக்கும் இப்போது தெம்பு வந்துவிட்டது. "மார்பும் சுத்தமா இருக்கு. ஆனா மண்ணீரல் வீங்கியிருக்கு. அது அடிபட்டா ஆபத்து. ரெண்டு மாசம் பாரம் எதுவும் தூக்கக் கூடாது."

"எழுதிக் குடுத்துடுங்க டாக்டரய்யா" என்று பெஞ்சிலிருந்து அம்சா முதல் முறையாக வாய் திறந்தாள். "அங்க விடுதியில அறுவது பேருக்கும் இதுவும் எங்க சனத்துல இன்னொரு பொண்ணும்தான் குளிக்கத் தொவைக்கக் கெணத்துல தண்ணி எறைக்குதுங்க. இது சொல்லாது. நான் சொல்றேன்."

செண்பகம் தாயின் கையை அழுத்தினாள். டாக்டர் பேனாவோடு நிமிர்ந்து கிருஷ்ணவேணி அம்மாளைப் பார்த்தார். அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் எழுதினார். காசநோய் இல்லை, படிப்பைத் தொடரலாம், இரண்டு மாதம் தண்ணீர் இறைக்கவோ குடம் தூக்கவோ கூடாது. கையெழுத்துப் போட்டு நீட்டினார். அம்மாள் வாங்கி இருமுறை படித்து, மடித்துப் பைக்குள் வைத்தார்.

"காய்ச்சல் விட்டதும் வகுப்புக்கு வந்துடு, செண்பகம். பாடம் நிறையப் போயிடுத்து. நோட்டை நான் எடுத்து வைக்கச் சொல்றேன்."

"சரிங்கம்மா."

வாசல் வரை போனவர் குடையை விரிக்காமல் நின்றார். யாரிடம் கேட்கிறார் என்று தெரியவில்லை.

"அந்த ஒரு பெண் தனியா அறுபது பேருக்கு எப்படி இறைப்பா?"

சவுரிராயன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சூசை மேரி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அம்மாள் தமக்குத் தாமே தலையசைத்துக்கொண்டார். "முறை போடணும்" என்றார். "எல்லாருக்கும்."